சேரிக் குழாயில் வரும் தண்ணீர் இழப்பா?

ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றின் காலனியில் பிறந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்து நகரம் ஒன்றில் குடிநீர்க் கசிவைக் கண்டறியும் கணக்கெடுப்பில் எட்டு மாதம் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்தேன். கையில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு குழாய் இணைப்பையும் படம் எடுக்க வேண்டும். அது இருக்கும் இடத்தைப் பதிந்துவிட்டு, திரையில் வரும் பட்டியலில் ஒன்றைத் தொட வேண்டும்: மீட்டர் உள்ளது, மீட்டர் இல்லாதது, பொதுக்குழாய், கசிவு, முறைகேடான இணைப்பு.

முதல் வாரமே சேரிக்கு அனுப்பினார்கள். குழாய்த்தொடரின் கடைசி அது. அங்கே தண்ணீர் தரைமட்டத்துக்கு மேலே ஏறி வருவதில்லை. ஆகவே மக்கள் குழாயை வெட்டி, மூன்றடிக்குப் பள்ளம் தோண்டி, உள்ளே இறங்கித்தான் குடம் வைக்கிறார்கள். திருகு கிடையாது. இருந்தாலும் பயனில்லை, வருகிற வேகத்துக்குத் திருகு தேவையுமில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்ச் சேரிகளில் இந்தப் பள்ளக் குழாயைப் பார்க்கலாம். எனக்குத் தரப்பட்ட பயிற்சியின்படி, திருகில்லாமல் நீர் வழியும் குழாய் ‘கசிவு’. ஒரே காலையில் 17 இடத்தில் கசிவு என்று தொட்டேன்.

மறுவாரம் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் பெரிய தெரு. மதிலுக்கு உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது. பொதுக் குழாயிலிருந்து நேராக இழுத்துத் தரையடித் தொட்டியை நிரப்புகிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “நீ எந்தத் தெருப்பா?” சொன்னேன். கதவு சாத்தப்பட்டது. திரையில் அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது: ‘வீடு பூட்டியிருந்தது’. அதைத் தொட்டேன்.

மாதக் கடைசியில் கணினியில் வரைபடம் வந்தது. சேரி முழுக்கச் சிவப்பு. பெரிய தெரு முழுக்கப் பச்சை. நகரத்தின் தண்ணீரை யார் வீணாக்குகிறார்கள் என்று கூட்டத்தில் அதைக் காட்டி விளக்கினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவப்பைத் தீட்டிய விரல் என்னுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குடிநீர்த் துறையில் ‘வருவாய் ஈட்டா நீர்’ என்று ஒரு கணக்கு உண்டு. நீரேற்று நிலையத்திலிருந்து அனுப்பிய நீரில் எவ்வளவுக்குப் பணம் வரவில்லையோ அவ்வளவும் அதில் சேரும். உடைந்த குழாயில் மண்ணுக்குள் போகும் நீரும், ஓடாத மீட்டரும், திருட்டு இணைப்பும், கட்டணம் இல்லாமல் பொதுக்குழாயில் தரும் நீரும் கடைசியில் ஒரே விழுக்காட்டில் வந்து நிற்கும். பொறியாளர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டத்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் பேசப்படுவதும் ஒப்பந்தத்தில் எழுதப்படுவதும் அந்த ஒற்றை எண்தான். 2008இல் ஒன்றிய அரசு வகுத்த சேவைத் தர அளவுகோலில் இந்த எண் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டத்திலும் அதே 20தான் இலக்கு.

சேரித் தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்பினால் அந்த எண் ஏறுகிறது. அந்தத் தெருக்குழாயை அடைத்தால் எண் இறங்குகிறது. ஒரு சொட்டுக் கசிவையும் சரி செய்யாமல், ஒரு குழாயையும் மாற்றாமல், இழப்பைக் குறைத்துவிட்டோம் என்று அறிக்கை தரலாம். கோவையில் சூயஸ் நிறுவனத்துக்கு 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தை 26 ஆண்டுகளுக்கு ஒப்படைத்த செய்தி 2018இல் வெளிவந்தபோது, பொதுக்குழாய்களின் கதி என்ன என்று இயக்கங்கள் கேட்டதற்குக் காரணம் இதுதான். வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று முத்திரை குத்தினார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவிலும் ஓட்டமானி வைப்பார்கள். நள்ளிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை யாரும் குழாய் திறப்பதில்லை, அப்போதும் ஓடுகிற நீர் பெரும்பாலும் கசிவுதான் என்பது அடிப்படை. பிறகு குழாயில் காதை வைத்துக் கேட்பதுபோல் ஒலி உணரும் சென்சாரைப் பொருத்தினால் உடைப்பு எங்கே என்று சில அடிக்குள் காட்டிவிடும். நல்ல அறிவியல்தான். ஆனால் இது 24 மணி நேரமும் குழாயில் நீர் நிற்கும் ஊருக்காகப் பிறந்த முறை. நம் ஊரில் நான்கு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் விடுகிறார்கள். நள்ளிரவில் குழாய் காலி. காலிக் குழாயில் எதைக் கேட்பது? அதைவிட மோசம், குழாய் காலியாகும்போது வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். தாழ்ந்த இடத்தில், சாக்கடையோடு ஒட்டிப் போகும் கடைசிக் குழாயின் விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே போகும். பெரிய தெருவில் கசிவு என்றால் பண நட்டம். சேரியில் அதே கசிவு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளி.

இன்னொன்று அழுத்தம். குழாயில் அழுத்தத்தைக் குறைத்தால் கசிவும் குறையும். இன்று கணினி மூலமாகவே வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைக்க முடிகிறது. விழுக்காடு உடனே இறங்கும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் முதலில் எங்கே வராமல் நிற்கும்? தொடரின் கடைசியில். கடைசியில் யார் இருக்கிறார்கள் என்று தமிழ்நாட்டில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். எங்கள் ஊரில் வால்வு திறப்பவர் இன்றைக்கும் அதைக் ‘காலனி வால்வு’ என்றுதான் சொல்கிறார், ஊர் வால்வை மூடிய பிறகுதான் அதைத் திறக்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் இது நடந்து முடிந்த கதை. சொவெட்டோவில் போகும் தண்ணீரில் பெரும்பகுதிக்குக் கணக்கே இல்லை, குழாய்கள் பழசு, கசிவு அதிகம் என்று சொல்லி, ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி ‘தண்ணீரைச் சேமி’ என்று பொருள்படும் சூலு மொழிப் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஃபிரி என்ற கறுப்பினப் பகுதியில் முன்பணம் கட்டினால் மட்டுமே நீர் விடும் மீட்டர்களைப் பொருத்தினார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அது தீர்ந்ததும் பணம் போடாவிட்டால் குழாய் தானாக மூடிக்கொள்ளும். வெள்ளையர் வாழும் வசதியான பகுதிகளில் அந்த மீட்டர் இல்லை. அங்கே பயன்படுத்திவிட்டுப் பிறகு கட்டலாம், கட்டாவிட்டால் முன்னறிவிப்பு வரும். ஃபிரி பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2009 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி மாநகராட்சியின் பக்கம் நின்றது. மீட்டருக்கு நிறம் தெரியாது. எந்தத் தெருவில் எந்த மீட்டர் என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கம்போடியாவின் கதை வேறு மாதிரி. 1993இல் நோம் பென் நகரக் குடிநீர் வாரியத்துக்கு எக் சொன் சான் என்ற பொறியாளர் தலைவராக வந்தபோது, அனுப்பிய நீரில் 72 விழுக்காட்டுக்குக் கணக்கில்லை. பதினைந்து ஆண்டில் அதை 6 விழுக்காட்டுக்கு அருகே கொண்டுவந்தார். அவரும் மீட்டர் வைத்தார், கணினி வைத்தார், வட்டாரம் பிரித்தார். ஆனால் தொடங்கியது மேலிருந்து. வாரிய ஊழியர்களே விற்ற திருட்டு இணைப்புகளைத் துண்டித்தார். காசு கட்டாத அமைச்சகங்களையும் படை அதிகாரிகளையும் கட்ட வைத்தார். மீட்டர் பொருத்தப் போன இடத்தில் ஒரு தளபதி தன் தலைக்குத் துப்பாக்கியை நீட்டியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் மானியம் கொடுத்தார். பெரிய தெருவின் கதவைத் தட்டுகிறவனுக்கு வாரியம் துணை நின்றது என்பதுதான் எனக்கு அதில் முக்கியம். என்னிடம் டேப்லெட் இருந்தது. துணை இல்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டபோது, தண்ணீர் ரயில் எங்கிருந்து கிளம்பியது என்று நினைவிருக்கிறதா? ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவே இருக்கும் ஜோலார்பேட்டையிலிருந்து. மேட்டூரிலிருந்து வேலூர் வட்டாரத்துக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் இருந்து எடுத்து, 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டரை ஏற்றி, ஜூலை 12 அன்று முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. அமைச்சர்கள் மலர் தூவி வரவேற்றார்கள். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் என்பது திட்டம், 65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

அந்த வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் வாரியம் கொடுத்துவந்தது நாளுக்கு ஏறத்தாழ 52 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே குழாயில் கசிகிறது என்று மிகவும் தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஐந்து கோடி லிட்டருக்கு மேல். ரயில் கொண்டுபோக நினைத்ததைப் போல ஐந்து மடங்கு. சென்னையின் குழாயை அடைப்பதற்கு முன்பு ஜோலார்பேட்டையின் குழாயைத் திறந்தார்கள். நகரத்தின் கசிவைக் குறைக்கும் கருவி வேண்டாம் என்று நான் சொல்லாததற்கு இது ஒன்றே போதும். நகரம் வீணாக்கும் ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒருவரின் ஊரிலிருந்து வருகிறது.

மலைக்கு மேலே போனால் இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். கமண்டல நாகநதி பிறப்பதும் அங்கேதான். மலைத் தண்ணீர் கீழே குப்பநத்தம், செண்பகத்தோப்பு அணைகளில் தேங்குகிறது. மேலே சாமை விதைத்து வாழும் மலையாளி பழங்குடி மக்கள் கோடையில் ஊற்றுக்குழியில் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். மலையின் பெயர் செய்தியில் அடிபடுவது எப்போது? காவலூர் தொலைநோக்கியைப் பற்றி எழுதும்போது. அல்லது 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றதுபோல் ஏதாவது நடக்கும்போது. கொல்லப்பட்டவர்களில் இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

மலைக்கிராமம் ஒன்றில் தொட்டி ஆபரேட்டராக இருக்கும் அண்ணன் ஒருவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். ஊராட்சி தரும் சொற்பத் தொகுப்பூதியம்தான் வருமானம். கீழே ஓடையோரம் கிணறு, மேலே தொட்டி, நடுவில் பாறைமேல் போட்ட கருப்புக் குழாய். மேட்டுக்கு ஏற்றும்போது ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் கீழ்முனையில் அழுத்தம் ஒரு கிலோ கூடும். அதனால் அடிப்பக்க இணைப்புகள்தான் அடிக்கடி பிய்த்துக்கொள்ளும். அவரிடம் எந்தக் கருவியும் இல்லை.

“தம்பி, கீழ மோட்டார் போட்டா அரை மணியில தொட்டிக்குள்ள சத்தம் வரணும். வரலன்னா நடுவுல புட்டுக்கிச்சுன்னு அர்த்தம். குழாய் மேல கால வச்சிக்கினே எறங்கினா எங்க புட்டுக்கிச்சுன்னு காலுக்கே தெரியும்” என்றார்.

அந்தத் தொட்டியில் ஒரு சென்சார் பெட்டியும் இருக்கிறது. நீர்மட்டத்தை அளந்து, சிம் கார்டு வழியாக எங்கோ ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாட்டிவிட்டுப் போன அன்றைக்குத் தொட்டி நிறைய நீர் ஊற்றிச் சோதித்தார்களாம். மலையில் சிக்னல் இல்லை. அதன் பிறகு ஒரு தகவலும் போகவில்லை. ஆனால் கடைசியாகப் போன அளவு அப்படியே நிற்கிறது. கீழே திரையில் பார்க்கிறவருக்குத் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. இதே மலையில்தான் வானத்தில் மினுங்கும் புள்ளியின் அசைவைக் கண்டுபிடிக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கியும் 1986 முதல் இருக்கிறது.

அந்த அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார். தேதி, மோட்டார் போட்ட நேரம், தண்ணீர் ஏறிய நேரம், குழாய் உடைந்த இடம், எந்தக் கொட்டாய்க்குத் தண்ணீர் போகவில்லை. நான் எட்டு மாதம் டேப்லெட்டில் சேர்த்ததைவிட அந்த நோட்டில் உண்மை அதிகம். அதை இதுவரை எந்த அதிகாரியும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

நகரத்துக்காரருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது அரசின் அளவுகோல். கிராமத்துக்கு, 2019இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டப்படி 55 லிட்டர். மலையில் இருப்பவனின் உடம்பு ஐந்தில் இரண்டு பங்குதான் அழுக்காகும்போல. இந்த 55ஐக்கூட வீட்டுத் தலைவரின் ஆதாரோடு இணைத்துப் பதிய வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. யாருக்குக் குழாய் கொடுத்தோம் என்பதை அரசு ஆதார் எண்ணோடு தெரிந்து வைத்திருக்கிறது. அந்தக் குழாயில் நேற்று தண்ணீர் வந்ததா என்பது தெரியாது.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் 26 அன்று பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. தொட்டிக்குள் மலம் கிடந்ததை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, நோயுற்ற பிள்ளைகளும் தண்ணீரின் நாற்றமும்தான். ஆய்வுக்குப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே இரட்டைக் குவளை முறையையும் கோயில் நுழைவுத் தடையையும் கண்டார். இரண்டு ஆண்டு கழித்து 2025 சனவரியில் பாதிக்கப்பட்ட மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது சிபிசிஐடி. அதை ஏற்க முடியாது என்று இயக்கங்கள் சொன்னோம், இப்போதும் சொல்கிறோம். அந்த வழக்கில் டிஎன்ஏ சோதனை, கைப்பேசிப் பதிவு என்று எத்தனையோ தொழில்நுட்பம் பேசப்பட்டது. கடைசியில் விரல் சேரியை நோக்கியே நீண்டது.

ஆகவே கருவியே வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை. கையால் இறைத்து, தலையில் சுமந்து வாழ்வதை அழகு என்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யாதவர்கள். இயந்திரம் உழைப்பவனுக்கு ஓய்வைத் தரும் என்று வாதிட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் நாட்டின் நீர்வழி ஆணையத்துக்கும் அடித்தளம் போட்டவரும் அவர்தான். அதே மனிதர்தான் 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளம் எல்லோருக்கும் உரியது என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. 1924இல் நம் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனும் பொதுச் சாலை, கிணறு, குளம் குறித்து அப்படி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தாளில் உரிமை இருந்தது. குளத்தில் இறங்கித்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. முதல் ஓட்டமானியை நீரேற்று நிலையத்தில் வைக்கிறீர்கள், வையுங்கள். இரண்டாவதைக் கடைசியில் வையுங்கள், சேரியின் கடைசிக் குழாயில், மலையின் கடைசிக் கொட்டாயில். ஊருக்கு எவ்வளவு போனது, காலனிக்கு எவ்வளவு வந்தது என்று குடியிருப்புவாரியாக வெளியிடுங்கள். மொத்தமாகப் போட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். தெருக்குழாயில் தரும் நீரை இழப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கொடுத்த நீர் என்று எழுதுங்கள். ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று இரண்டு கட்டி, இரண்டு குழாய் இழுத்து, இரண்டு மோட்டார் ஓட்டும் செலவை எந்தத் தணிக்கையாவது இழப்பு என்று எழுதியிருக்கிறதா? அதையும் எழுதுங்கள். சென்சார் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வால்வு திறப்பவரையும் தொட்டி ஆபரேட்டரையும் நிரந்தரமாக்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நீரைக் கெடுப்பதையும் பொது நீரை அவர்களுக்குத் தடுப்பதையும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தின்படி சாட்சி சொல்லக்கூடிய கருவியாக உங்கள் ஓட்டமானி இருக்கட்டுமே.

இவற்றை மனுவாக எழுதி இரண்டு அலுவலகங்களில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள், வேறு பதில் வரவில்லை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராமசபை கூட வேண்டும் என்பது அரசின் விதி. மகாத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது. இந்த முறை அந்த அண்ணன் தன் பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு கிராமசபைக்கு வருகிறார். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஏறாத நாட்களைத் தேதியோடு படிக்கப் போகிறார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட 40 பேர் தயாராக இருக்கிறார்கள். ‘தொட்டி நிரம்பியுள்ளது’ என்று காட்டும் திரையை அன்று அதிகாரி கொண்டுவந்தால், அதையும் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.